பிப்ரவரியில் பூத்த ஆப்ரிகாட்டும் பை ஒழிப்புப் பெருவிழாவும்

பிளாஸ்டிக் பையை ஒழித்த புண்ணியத்தால் நடுக்குளிரில் மரங்கள் பூத்த ஊர் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பாத்கென் நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர். நான் அதன் ஊராட்சிச் செயலாளர். ஆகவே நான் சொல்வதில் மிகை இருக்க வாய்ப்பே இல்லை.

ஜனவரி கடைசியில் எங்கள் தலைவர் கெங்கெஷ்பாய், இனி கடைகளில் பிளாஸ்டிக் பை கிடையாது என்று அறிவித்தார். மறு வாரமே ஆப்ரிகாட் மரங்கள் பூத்துவிட்டன. ஏப்ரலில் பூக்க வேண்டியவை. குளிர்காலத்தில் குளிராமல் வெயில் அடித்ததால் மரங்கள் ஏமாந்துபோயின என்று விவரம் தெரியாதவர்கள் சொன்னார்கள். தலைவர் விவரம் தெரிந்தவர்.

"நாம பையை விட்டோம், பூமி மூச்சு விட்டுச்சு! இது இயற்கையே நமக்குக் குடுத்த பாராட்டுய்யா. மேலிடத்துக்கு எழுது" என்றார்.

எழுதினேன். 'அதிசயத்தை' நேரில் பார்க்க மாகாணத்திலிருந்து சுற்றுச்சூழல் குழு ஒன்று வருவதாகத் தகவல் வந்தது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் ஷாயிர்குல் அக்கா ஊர் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்றார். புருஷன் இல்லாதவர். சாலையோரத்துச் சின்னத் தோட்டம்தான் அவருக்கு எல்லாம். கோடையில் பழத்தைக் கூரையில் காயவைத்து விற்றால்தான் அடுத்த குளிருக்கு மாவும் நிலக்கரியும். ஊரே பூவோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உறைபனி வரப்போகிறது என்று வானொலி சொன்னதும், வீட்டிலிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பைகளை எல்லாம் எடுத்துவந்து, தோளுயர மரங்களில் கிளைக்குக் கிளை மாட்டிக் கட்டிவிட்டார்.

அத்தனை பை ஏது என்கிறீர்களா? எல்லாம் விருந்துகளில் வந்தவை. விருந்து முடிந்ததும் மிஞ்சிய இறைச்சியையும், போர்சோக் என்னும் பொரித்த மாவுத் துண்டுகளையும் பையில் போட்டு விருந்தாளி கையில் கொடுப்போம். அதற்குக் கெஷிக் என்று பெயர். வெறுங்கையோடு ஆளை அனுப்பிய வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். அப்படி வந்த பைகளை அக்கா கழுவிக் கொடியில் காயப்போட்டுச் சேர்த்து வைத்திருந்தார்.

தலைவரும் நானும் போனோம்.

"என்னக்கா இது அநியாயம்? ஊரே பையை ஒழிச்சிருக்கு, உங்க மரம் பை காய்ச்சுத் தொங்குது!" என்றார் தலைவர்.

"பனி வருதாமே தம்பி. பூ கருகிட்டா நான் எதைத் தின்னுவேன்?"

"நாளைக்கு மாகாணத்துக்காரங்க வர்றாங்க. பூவைப் பார்க்க வர்றவங்க பையைப் பார்த்துட்டா போகணும்?"

"பகல்ல அவிழ்த்து வெச்சிடறேன். பொழுது சாய்ஞ்சதும் கட்டிக்கறேன். அவங்க கண்ணுலயே படாது."

"கொள்கைன்னா ராப்பகல் ரெண்டுக்கும் சேர்த்துதான்க்கா."

இந்தக் கருத்தின் ஆழத்தில் நான் மூழ்கியே போய்விட்டேன். பைகள் அவிழ்க்கப்பட்டன. 'ஒரே இடத்தில் கைப்பற்றப்பட்ட மாபெரும் பிளாஸ்டிக் குவியல்' என்ற பெருமையோடு அலுவலக அலமாரிக்குள் போயின.

மறுநாள் 'பை ஒழிப்புப் பெருவிழா'. குழு வந்தது, பூவைக் கண்டது, வியந்தது. ஆடு அறுத்து, அலுவலகத்திலேயே விருந்து. தலைவர் பேசினார். குழுத் தலைவி பேசினார். அவர் பேசியதைப் பாராட்டித் தலைவர் மறுபடியும் பேசினார். கடைசியில் விருந்தை முடிக்கும் வேண்டுதலைச் சொல்லி, உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி எல்லோரும் எழுந்தபோது தலைவருக்கு முகம் வெளுத்தது.

"யோவ், கெஷிக்கை எதுலய்யா போட்டுக் குடுக்கறது?" என்றார் என் காதில்.

"துணிப்பை இருக்கே அண்ணே."

"கொழுப்பு ஒழுகும்யா! அந்தம்மா மடியில ஒழுகினா ஊர் மானம் என்னாகும்?"

"அப்போ வெறுங்கையோட..."

"வாயைக் கழுவு!"

இருவரும் ஒரே நேரத்தில் அலமாரியைப் பார்த்தோம்.

ஒழுகக் கூடாதே என்று ஆளுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை. குழுவினர் யாரும் கொள்கை பேசவில்லை. ஒருவர் வண்டி ஓட்டுநருக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார். மிச்சத்தில் ஊரார் தங்கள் பங்கைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஷாயிர்குல் அக்கா மூச்சிரைக்க வந்தார்.

"விழாதான் முடிஞ்சிருச்சே. என் பையைக் குடுத்துடுங்க தம்பி, இருட்டறதுக்குள்ள கட்டிடறேன்."

எங்கள் தலைவர் யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர். அக்காவுக்கும் கெஷிக் கொடுத்தார். ஒரு பை, அதில் ஓர் எலும்பு. பை அக்காவுடையதுதான்.

அன்று இரவு பனி கொட்டியது. விடிந்தபோது தோட்டத்தில் ஒரு பூ மிஞ்சவில்லை. எல்லாம் தேயிலைத் தூள் நிறத்தில் சுருண்டிருந்தன. அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் ஊரின் அதிர்ஷ்டம் அத்தோடு முடியவில்லை. வழியிலேயே இறைச்சியைத் தின்றுவிட்டு விருந்தாளிகள் வீசிய பைகளைக் காற்று தூக்கிவந்து அக்காவின் மரங்களில் மாட்டியது. மறு வாரம் அதே சாலையில் திரும்பிய குழு வண்டியை நிறுத்தாமலே படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பியது: 'உறைபனிக்குப் பிறகும் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும் உங்கள் ஊருக்கே இந்த ஆண்டு விருது!'

தலைவர் கைப்பேசியும் கையுமாக அக்காவிடம் ஓடினார். பின்னாலேயே நான்.

"அக்கா! உங்க தோட்டத்தாலதான் நமக்கு விருது!"

கிளையிலிருந்து பைகளைக் கழற்றிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார்.

"விருது குடுக்கிற அன்னிக்கு விருந்து உண்டுல்ல தம்பி?"

"பின்னே? குதிரையே அறுக்கறோம்!"

"அப்போ இந்தாங்க" என்று அத்தனை பையையும் அவர் கையில் திணித்தார். "இந்த வருஷம் என் மரம் காய்ச்சது இவ்வளவுதான். இதையும் நீங்களே எடுத்துக்கங்க."

தலைவர் ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.