அப்பாவின் சாவு வீட்டில் என் லினக்ஸ் லேப்டாப்

துக்க வீட்டில் ஒன்றும் தெரியாத ஆண்களுக்கு நாற்காலி அடுக்கும் வேலையைக் கொடுத்துவிடுவார்கள். கணினி தெரிந்தவன் என்று பெயரெடுத்தவனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அப்பா இறந்தபோது அக்கா அயர்லாந்தில் நிறைமாதமாக இருந்தாள். விமானம் ஏற முடியாது. "தம்பி, அப்பா முகத்த மட்டும் நல்லா காட்டுடா, போதும்" என்று போனில் அழுதாள். மறுநாள் காலை புக்கிட் செலம்பாவ் ஊரில், எங்கள் வீட்டில் சடங்கு.

"ஹேன்ட்போன்லயே காட்டிருலா" என்றார் மாமா.

எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. கை ஆடும், படம் சின்னது என்றெல்லாம் விளக்கி, சவப்பெட்டியின் தலைமாட்டில் மேசை போட்டு என் லேப்டாப்பை வைத்தேன். (லினக்ஸ் போட்டது. விண்டோஸ் வைத்திருப்பவர்களை நான் பரிதாபமாகப் பார்த்துவந்த காலம்.)

திறந்தால் வைஃபை இல்லை. அப்படியொரு பொருளே இந்த மெஷினில் கிடையாது என்றது. வைஃபை சிப் துவங்க மறுக்கிறது என்று சிவப்பில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. டிரைவரைக் கழற்றி மாட்டினேன். ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் ரீஸ்டார்ட். துக்கம் கேட்க வந்தவர்கள் அப்பாவைப் பார்த்துவிட்டு, என் திரையையும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ரோசாக்கா? கெட்டுப்போச்சா?" என்றார் மாமா.

"கெட்டுப்போகல மாமா. சிப்பு எழுந்திரிக்க மாட்டேங்குது."

"பூசாரி அவசரப்படுத்துறாரு. வாய்க்கரிசி போடணும்லா."

மாமா எனக்காகக் காத்திருக்கவில்லை. தன் ஹேன்ட்போனில் அக்காவை அழைத்துப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டார். நான் அதைக் கவனிக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சிப்புக்கு மின்சாரம் முழுதாக நிற்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்திருந்தது. லேப்டாப்பை அணைத்தேன். சார்ஜரைப் பிடுங்கி, மிச்ச மின்சாரமும் வடியட்டும் என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். பிறகு போட்டேன். திரையின் மூலையில் வைஃபை கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

"உயிர் வந்துருச்சு" என்று கத்தினேன்.

ஒப்பாரி அறுந்து நின்றது. வாசலில் இருந்தவர்கள் உள்ளே ஓடிவந்தார்கள். பூசாரி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். யாரோ தண்ணீர் கேட்டார்கள். அம்மா எழுந்து அப்பாவின் நெஞ்சில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

மாமாவின் ஹேன்ட்போனிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "என்னது? அப்பாவுக்கா?"

"வைஃபைக்கு" என்றேன்.

அதைவிடக் கேவலமான ஒரு சொல்லை நான் இதுவரை பேசியதில்லை.

அடுத்த தீபாவளிக்கு அக்கா கைக்குழந்தையோடு வந்தாள். யான் என்ற ஊருக்குப் போகும் வழியில் மாமாவின் கார் நின்றுபோனது. வெகுநேரம் இருமிவிட்டு ஒருவழியாகக் கிளம்பியது. பின்சீட்டிலிருந்து அக்கா மெதுவாக, "உயிர் வந்துருச்சு" என்றாள். மாமா சிரித்த சிரிப்பில் கார் மறுபடி நின்றது.

அன்றிலிருந்து, கரண்ட் போய் வந்தாலும், தூங்குமூஞ்சியான நான் ஞாயிற்றுக்கிழமை எழுந்து வந்தாலும் எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். ஒருமுறை மட்டும், பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"அன்னிக்கு நான் நம்பிட்டேன்யா."