காதுவரை போன மூக்கு

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட சாம்பசிவன் மாமா அவர்களுக்கு,

அஸ்தினாபுரத்திலிருந்து தங்கள் தங்கை மகன் ஹர்ஷா பணிவுடன் எழுதிக்கொள்வது. விழுப்புரத்தில் தாங்களும், சுந்தரவல்லி அத்தையும், தங்கள் இரண்டு முழங்கால்களும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அம்மா சௌக்கியம். அப்பா என்னைத் திட்டுகிற அளவுக்கு ரொம்பவே சௌக்கியம். நான்தான் சரியில்லை. வாட்ஸப்பில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்களுக்கு நான் அனுப்புகிற மெசேஜை, நீங்கள் கண்ணாடி தேடுவதற்குள் அத்தை சத்தமாகப் படித்து அம்மாவுக்கும் அனுப்பிவிடுகிறார். அதனால்தான் சார்ட் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் இருப்பது என் இடது கால். கத்தரிக்காய் இல்லை.

இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷத்தில் நான் காலேஜை விட்டு வந்தபோது வீட்டில் நடந்த ரகளை உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு எனக்காகப் பேசின ஒரே ஜீவன் நீங்கதான். "பையன் கையில என்னமோ இருக்கு மாப்ளே, வரையட்டும் விடுங்க"ன்னு சொன்னீங்க. அப்பா, "இருக்கு, செல்போன் இருக்கு"ன்னார். கடைசியில் உங்க முகத்துக்காக ஒத்துக்கிட்டார். மேற்கு தாம்பரத்தில் ஒரு டெய்லர் கடை மாடியில் அச்சுதன் சார் நடத்துகிற வகுப்பில் சேர்ந்து, அடுத்த வருஷம் ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதணும். ஆனால் இதையும் பாதியில் விட்டேன்னா மறுநாளே அதே பழைய காலேஜ், அதே தெர்மோடைனமிக்ஸ். மாமா, அந்தப் புத்தகத்தை நினைச்சாலே எனக்கு ஏப்பம் வருது.

அச்சுதன் சார் ரொம்ப நல்லவர், ஆனா சட்டம் போடுறவர். வாரா வாரம் ஞாயித்துக்கிழமை ஸ்கெட்ச்புக்கைக் கொண்டுபோய்க் காட்டணும். பக்கத்துக்கெல்லாம் அவரே சிவப்புப் பேனாவில் நம்பர் போட்டுக் கொடுத்திருக்கார். மோசமா வரைஞ்சா திட்ட மாட்டார். ஒரு பக்கம் கிழிஞ்சிருந்தா மட்டும், "மோசமா வரைஞ்சதை மறைக்கிறவனுக்கு எங்கிட்ட வேலை இல்ல, கெளம்பு"ன்னு அனுப்பிடுவார். ஏற்கெனவே ஒருத்தனை அனுப்பியிருக்கார். படம் எங்கே, எத்தனை மணிக்கு வரைஞ்சதுன்னு கீழே எழுதணும். யாருன்னு மட்டும் எழுதக் கூடாது. "படம் சொல்லணும்டா, நீ எதுக்குச் சொல்ற?"ன்னு கேப்பார்.

போன வாரப் பாடம், பேப்பரைப் பாக்காம வரையறது. "கண்ணு ஒரு எறும்பு மாதிரி ஆள் மேல ஊரணும், பென்சில் அதுகூடவே ஊரணும், குனிஞ்சு பேப்பரைப் பாத்தே, அந்தப் பக்கம் செல்லாது"ன்னார். கேக்க சுலபமா இருக்கும். பீச் டிரெயின்ல எதிர் சீட்டுக்காரர் மேல எறும்பை விட்டுப் பாருங்க, தெரியும். குரோம்பேட்டை வர்றதுக்குள்ள அந்த ஆள் எழுந்து நின்னுட்டார். "இன்னா தம்பி, அப்பலேர்ந்து மொறைச்சிகினே கீற? எதுனா பாக்கி கீதா நமக்குள்ள?" நான் பயந்துபோய்ப் படத்தைக் காட்டினேன். ரெண்டு நிமிஷம் பாத்தார். "இதுக்கு நீ மொறைச்சிகினே இருந்திருக்கலாம்"ன்னு சொல்லிட்டு வேற பெட்டிக்குப் போய்ட்டார்.

அசையாத ஆளா, முறைச்சாலும் கவனிக்காத ஆளா வேணும்னு யோசிச்சப்பதான் எங்க அப்பார்ட்மெண்ட் செகரட்டரி ராஜகோபால் அங்கிள் ஞாபகம் வந்தார். நம்ம கிரகப்பிரவேசத்தன்னிக்கு உங்ககூட முழங்கால் வலியைப் பத்திச் சாப்பாடு ஆறுற வரைக்கும் பேசினாரே, அவரேதான். தினமும் காலைல தலையில் துண்டைச் சுத்திக்கிட்டு, வாயில் பிரஷ்ஷோட, மோட்டார் ரூம் வாசல்ல நின்னு மேல் தொட்டி நிரம்பி வழியுதான்னு வானத்தையே பாத்துக்கிட்டிருப்பார். கோயில் சிலை கூட அவ்வளவு ஒத்துழைக்காது. வரைஞ்சு முடிச்சுக் குனிஞ்சு பாத்தா, மாமா, மூக்கு கிளம்பி காதுவரைக்கும் போயிருக்கு. ஒரு கண்ணு நெத்தியில, இன்னொண்ணு எங்கேயோ வெளியூர்ல. துண்டு முகமூடி மாதிரி வந்திருக்கு, பிரஷ் கத்தி மாதிரி. கீழே நான் ஒழுங்கான பிள்ளையா "மோட்டார் ரூம், காலை ஆறரை"ன்னு எழுதி வெச்சேன்.

அன்னிக்குன்னு பாத்து, மோட்டார் ரூம் பக்கத்துல செடிக்குத் தண்ணி விடற பித்தளைக் குழாயைக் காணோம். புதுசா வாங்கிப் போட்டது, போன மீட்டிங்ல கைதட்டெல்லாம் வாங்கின குழாய். செகரட்டரி அங்கிள் நேரா நம்ம வீட்டுக்கு வந்துட்டார்.

"ஏம்ப்பா, நீதானே காலைல அங்க உக்காந்து வெறிச்சுக்கிட்டிருந்தே? யாரைப் பாத்தே?"

"உங்களைத்தான் பாத்தேன் அங்கிள்."

"என்னை எனக்குத் தெரியும்டா. வேற யாரு?"

சொல்லிக்கிட்டே டேபிள் மேல இருந்த ஸ்கெட்ச்புக்கைப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்துச்சு. கீழே இடம், நேரம் எல்லாம் இருக்கு. "அடப்பாவி! திருடனை நேர்ல பாத்து வரைஞ்சே வெச்சிருக்கான்!"னு கத்தினார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சர்ருன்னு ஒரு சத்தம். பக்கம் போச்சு. அந்த மனுஷன் என்னைக் கட்டிப்பிடிச்சு, "திருட்டு முழி அப்படியே வந்திருக்குடா! உன்னைப் போய் உங்கப்பா உருப்படாதவன்னு சொல்றாரே!"ங்கறார். பொறந்ததிலேர்ந்து நான் வாங்கின முதல் பாராட்டு. அது நீங்கதான் அங்கிள்னு எந்த வாயால சொல்ல?

மத்தியானத்துக்குள்ள ஜெராக்ஸ் எடுத்து கேட்டுல, லிஃப்ட்டுல, எல்லாத்துலயும் ஒட்டியாச்சு. "இந்த நபரைக் கண்டால் உடனே செயலாளரிடம் தெரிவிக்கவும்"னு கீழே எழுதி, செயலாளரே கையெழுத்தும் போட்டிருக்கார். எதிர் ஃப்ளாட் ஜெயஸ்ரீ ஆன்ட்டி அது மூணாவது மாடி வாடகைக்காரர்தான்னு சத்தியம் பண்றாங்க. அந்த வாடகைக்காரர் அது கேபிள்காரர்ங்கறார். வாட்ச்மேன் சக்திவேல் அண்ணன் வர்ற போறவங்களை எல்லாம் நிறுத்தி ஒப்பிட்டுப் பாக்கறார். நேத்து சிலிண்டர் போட வந்தவரை, "சைடுல திரும்பு... மூக்கு காதாண்ட வர்ல, நீ போ"ன்னு விட்டார். ரெண்டு தடவை உண்மையைச் சொல்லிடலாம்னு போனேன். ரெண்டு தடவையும் அங்கிள் கும்பல் நடுவுல நின்னு, "மூஞ்சியைப் பாத்தாலே தெரியல? பரம்பரைத் திருடன்!"னு பேசிக்கிட்டிருந்தார். திரும்பி வந்துட்டேன்.

ஒரிஜினல் பக்கம் இப்ப அவர் ஃபைல்ல பிளாஸ்டிக் கவருக்குள்ள இருக்கு. ஸ்டேஷன்ல குடுக்கப் போறாராம். ஞாயித்துக்கிழமை வகுப்பு. ஜெராக்ஸை அச்சுதன் சார் கையால கூடத் தொட மாட்டார். பக்கம் இல்லேன்னா நான் வெளியே, திங்கட்கிழமை தெர்மோடைனமிக்ஸ். அதனால மாமா, சனிக்கிழமை டிரெயினைப் பிடிச்சு வாங்க. முழங்காலைப் பத்திப் பேச்சைத் தொடங்குங்க. அவர் உருகி நிக்கற நேரம் பாத்துப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்க. படத்துல இருக்கறது யாருன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. அன்னிக்கு எனக்காகப் பேசின வாய், இன்னொரு தடவை பேசட்டும்.

அத்தையின் பாதங்களுக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் வலி இந்த மருமகனின் பிரார்த்தனையால் குறையட்டும், சனிக்கிழமைக்குள்.

தங்கள் ஆசியை நம்பியே உட்கார்ந்திருக்கும்,
ஹர்ஷா

பி.கு.: மாமா, கவரை ஒட்டப் போற நேரத்துல எல்லாம் தலைகீழாயிடுச்சு. "பக்கம் திருட்டு கேஸ்ல மாட்டியிருக்கு சார்"னு நேத்து போன்ல அச்சுதன் சார்கிட்ட சொன்னேன். நம்பாம இன்னிக்குக் காலைலயே நேர்ல வந்துட்டார். கேட்டுல செகரட்டரி அங்கிள், தலையில் துண்டு, வாயில் பிரஷ். பெருமையா போஸ்டரைக் காட்டினார். சார் போஸ்டரைப் பாத்தார், அங்கிளைப் பாத்தார். "பரவால்லடா ஹர்ஷா! சார், அப்படியே உரிச்சு வெச்சிருக்கான் உங்களை!"ன்னார். சக்திவேல் அண்ணன் அங்கிளைச் சுத்தி சைடுல போய்ப் பாத்து, "ஆமா சார், இங்கேர்ந்து பாத்தா மூக்கு காதாண்டதான் கீது!"ன்னார். ஜெயஸ்ரீ ஆன்ட்டி உடனே அங்கிளோட ஸ்கூட்டர் டிக்கியைத் திறக்கச் சொல்லிட்டாங்க. உள்ளே நியூஸ்பேப்பர்ல சுத்தின பித்தளைக் குழாய். சொட்டுதுன்னு வாஷர் மாத்த அங்கிளே கழட்டி எடுத்துப் போய், மறந்தே போயிருக்கார். வாயில் நுரையோட நின்னுட்டிருந்தார், பாவம். பக்கம் கைக்கு வந்தாச்சு. கிழிச்சது ஹர்ஷா இல்லைன்னு சார் அதுமேலயே சிவப்புப் பேனாவில் எழுதிக் கொடுத்தார்.

அதனால நீங்க என்னைக் காப்பாத்த வர வேண்டாம். ஆனா வாங்க. சார் போறப்ப குடுத்துட்டுப் போன அடுத்த பாடம், சொந்தக்காரர் ஒருத்தரை அதே மாதிரி பேப்பரைப் பாக்காம வரையணும். அப்பா முடியாதுன்னுட்டார். இவ்வளவுக்கு அப்புறமும் அவர் போஸ்டரைப் பாத்து, "யார் என்ன சொன்னாலும் இது உங்கண்ணன்தான்டி"ங்கறார். அம்மாவும் ரொம்ப நேரம் பாத்துட்டு, சண்டை போடாம உள்ளே போய்ட்டாங்க. துண்டும் பிரஷ்ஷும் இங்கேயே இருக்கு மாமா, நீங்க மூக்கை மட்டும் கொண்டு வாங்க.