இரண்டு டிகிரி மிளகாய்

கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்த சுபாஷினி, கையிலிருந்த கோப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டாள்.

ஜார்ஜ்டவுன் ஆய்வுக்கூடத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் இன்றைய பினாங்கின் வெப்பம். மற்றதில் இரண்டு டிகிரி கூடுதல், அதாவது அவள் கணக்கில் வருங்காலப் பினாங்கு. இரண்டிலும் மிளகாய்ச் செடிகள். இரண்டிலும் ஒரே பூஞ்சையைத் தெளித்திருந்தாள். சூடு கூடினால் இலைப்புள்ளி நோயும் கூடும் என்பது அவளுடைய மூன்று வருடக் கணிப்பு.

நான்கு நாள் கோலாலம்பூர்க் கூட்டம் முடிந்து வந்து பார்த்தால், சூட்டறைச் செடிகள் பளபளவென்று நிற்கின்றன. சாதாரண அறையில்தான் இலைக்கு இலை கறுப்புப் புள்ளி!

முதலில் அழுகை வந்தது. அடுத்த நிமிடமே உடம்பெல்லாம் சிலிர்த்தது. இயக்குநர் அலாவுதீனின் அறைக்கு ஓடினாள்.

"சார், நம்ம கணிப்பு தலைகீழ்! சூடு நோயைக் கொல்லுது! வெப்பமானிய ரெண்டு தடவ செக் பண்ணிட்டேன், சரியா இருக்கு!"

"பெரிய விஷயம் லா! யார்கிட்டயும் மூச்சு விடாத," என்ற அலாவுதீன், அரை மணி நேரத்தில் மூன்று பத்திரிகைகளுக்கு போன் போட்டார்.

சுபாஷினிக்கு லேசாகப் பயம் தட்டியது.

"சார், இன்னொரு தடவ செஞ்சு பாத்துட்டுச் சொல்லலாமே?"

"அதுக்குள்ள வேற யாராச்சும் முந்திக்குவாங்க."

எப்படியாவது தள்ளிப்போட நினைத்தவள், "விவசாயிங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும் சார்," என்றாள்.

"பிரமாதமான ஐடியா!"

மூன்று மணிக்கு நிபோங் திபாலிலிருந்து இரண்டு வேன் நிறைய விவசாயிகள் வந்து இறங்கினார்கள். சாதாரண அறைக்குள் கேமராக்கள் மின்னின. கைதட்டலில் சுபாஷினியின் பயம் பறந்தது. மைக்கைப் பிடித்து, "வருங்காலம் மிளகாய்க்குப் பொற்காலம்!" என்றே சொல்லிவிட்டாள்.

"அப்ப மருந்து அடிக்க வேணாமா, டாக்டர்?" என்றார் ஒரு விவசாயி.

"வேணவே வேணாம்!" என்றார் அலாவுதீன்.

அறை கைதட்டலில் அதிர்ந்தது. அப்போது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பிச்சைமுத்து, வாளியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். புள்ளி விழுந்த செடிகளைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இதுங்கள பாக்கவா இவ்ளோ பேரு? நீங்க இல்லாதப்ப சூட்டு ரூம்ல புள்ளி விழுந்து துவண்டு கெடந்துச்சுங்க டாக்டர். பாவம்னு நான்தான் இந்தக் குளுகுளு ரூமுக்குக் கொண்டாந்துட்டு, இங்க நல்லா இருந்ததுங்கள அங்க தூக்கி வெச்சேன் லா!"