இறக்கத்தில் இருக்கிறார் பத்ரிநாராயணன்

இந்தச் சனிக்கிழமை தி.நகருக்குப் போவதில்லை என்று பத்ரிநாராயணன் தீர்மானித்துவிட்டார். மலையளவு தீர்மானம். ஏனென்றால் அதற்காகவே ஒரு மலையை அவர் தயார் செய்து வைத்திருந்தார்.

மலை இருந்தது மயிலாப்பூரில், சித்திரக்குளத்துப் பக்கம் இரண்டாவது மாடியில், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல். மேஜையில் பெரிய திரை. விளிம்பில் திருகி இறுக்கிய ஸ்டியரிங். கீழே மூன்று பெடல்கள். இவையெல்லாம் வந்த நாளிலிருந்து அவரும் மனைவி நீரஜாவும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

வார நாட்களில் அவர் பெருங்குடியில் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்ப்பவர். போக வர ஸ்கூட்டர். சனி, ஞாயிறு வந்தால் திரைக்குள் லாரி. விளையாட்டு என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். "சிமுலேட்டர்" என்று திருத்துவார். திரையில் பெயர் தெரியாத ஏதோ தேசம். பைன் மரங்கள். ரோட்டின் குறுக்கே மேகம் போகும். ஹாரன் அடித்தாலும் அவசரப்படாது. க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். வைத்த வேகத்தில் லாரி தன்பாட்டுக்குப் போகும். முதலில் கால் மிதக்கும். பிறகு நாற்காலி மிதக்கும். கொஞ்ச நேரத்தில் பத்ரிநாராயணனே மிதப்பார்.

இறக்கத்தில் மட்டும் இந்தச் சுகம் கிடையாது. க்ரூஸ் கன்ட்ரோல் ஏற்றத்தில் வேகத்தைக் காப்பாற்றும். இறக்கத்தில் இருபது டன் பாரம் முதுகில் கைவைத்துத் தள்ளும்போது கையை விரித்துவிடும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் சூடேறி, கடைசியில் மிதித்தும் பிடிக்காது. இறங்கத் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, எஞ்சின் பிரேக்கைப் போட்டு, குழந்தை மாடிப்படி இறங்குவதுபோல இறங்க வேண்டும்.

அவருடைய திட்டமே இந்த இறக்கம்தான். நீரஜாவின் அண்ணா கிச்சாவின் பெண் ஸ்ரீரஞ்சனிக்குக் கல்யாணம். புடவை எடுக்க வேண்டும். புடவைக் கடை ஸ்டூலில் பையோடு பையாக உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவருக்கு இடுப்பு வலிக்கும். அதனால் முந்தின நாளே லாரியை உச்சிக்கு ஏற்றி நிறுத்தினார். சனிக்கிழமை காபி குடித்த கையோடு இறங்க ஆரம்பித்தார். நடு இறக்கத்தில் இருப்பவரைக் கடைக்குக் கூப்பிட யாருக்கு மனசு வரும்? ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைக்க ஒரு பட்டன் உண்டு என்பதை மட்டும் அவர் நீரஜாவிடம் மூச்சு விட்டதில்லை.

"ஏன்னா, கிளம்பலாமா?"

"இறக்கத்துல இருக்கேன், நீரஜா."

"எப்ப முடியும்?"

"மலை மனசு வெச்சா."

"நடுவுல நிறுத்தப்படாதோ?"

"இருபது டன் மரம் ஏத்திண்டிருக்கேன். பிரேக் போச்சுன்னா அவ்வளவுதான். கீழ ஒரு கிராமம் இருக்கு. பள்ளிக்கூடம், சர்ச்சு, மாடு..."

"அச்சச்சோ! மாடு வேறயா?"

"கழுத்துல மணி கட்டிண்டு மேஞ்சிண்டிருக்கு."

நீரஜாவின் முகத்தில் மாட்டைப் பற்றிய கவலை படர்ந்தது. பத்ரிநாராயணன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"வாஸ்தவம். விட்டுட்டு வரப்படாது," என்றாள் அவள், தலைப்பில் கையைத் துடைத்தபடி. "எழுந்துக்கோங்கோ. நான் பிடிச்சுக்கறேன்."

"எதை?"

"லாரியை. நீங்க போய்ப் புடவை எடுத்துண்டு வந்துடுங்கோ."

"நீயா? உனக்கு ஸ்கூட்டரே ஓட்டத் தெரியாதே!"

"சொல்லித் தாங்கோ. எது பிரேக்கு?"

"நடுவுல இருக்கறது. ஆனா அதை மிதிக்கப்படாது!"

"மிதிக்கப்படாதுன்னா எதுக்கு வெச்சிருக்கா?"

"வளைவுக்கு முன்னாடி மட்டும் மிதிச்சு, வேகம் குறைஞ்சதும் காலை எடுத்துடணும். மத்தபடி இந்தக் குச்சியை இழுத்தா எஞ்சினே பிடிச்சுக்கும்."

"புரிஞ்சுடுத்து. உங்களை மாதிரிதான். அழுத்திண்டே இருந்தா வேலை செய்யாது. அப்பப்போ ஒரு மிதி."

அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது. வாதாட நேரமில்லை. நிறுத்த முடியாது என்று சொன்னவரும் அவரேதான். நாற்காலியில் நீரஜா உட்கார்ந்தாள். அவர் கைக்குத் துணிப்பை வந்தது.

ஆட்டோவில் போகும்போது அவர் உடம்புதான் ஆட்டோவில் இருந்தது. மேம்பாலத்தின் இறக்கத்தில் பைன் மர வாசனைகூட அடித்தது.

"இன்னா சார், தரைய மிதிச்சிக்கினே வர? அங்க பிரேக்கு இல்ல," என்றார் ஆட்டோக்காரர்.

"கியரைக் குறைங்கோ! பின்னாடி பாரம் தள்றது!"

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் பத்ரிநாராயணனையும் காலிப் பையையும் தவிர ஒரு பாரமும் இல்லை.

ரங்கநாதன் தெருவில் அவர் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கூட்டம் வைத்த வேகத்தில் அவரைக் கொண்டுபோனது. பூக்காரியின் குரலும், அருகம்புல் ஜூஸ் மிஷினும், குழந்தை அழுகையும் மூடுபனிக்குப் பின்னால் கேட்பதுபோல் எங்கோ கேட்டன. கடை வாசலில் நின்று போன் செய்தார்.

"வேகம் என்ன?"

"முப்பத்தெட்டு."

"பிரேக் சூடு?"

"பச்சைக் கோட்டுலதான் இருக்கு. நீங்க அரக்குக் கலர் பாருங்கோ."

மூன்றாவது மாடியில் அரக்கு மலை, மயில்கழுத்து மலை, மாம்பழ மலை என்று விரித்துப் போட்டார்கள். அவர் மறுபடியும் போன் செய்தார்.

"இப்ப?"

"முப்பத்தெட்டு."

"சபாஷ்! துளிகூட ஏறலையே!" பக்கத்திலிருந்த மாம்பழ மலையைத் தட்டிக்கொடுத்தார். "அதென்ன, சொர்ருன்னு சத்தம்?"

"ஏர் பிரேக்."

"அதை ரொம்ப அடிக்காதே!"

"சரி. அப்படியே நாலு ரவிக்கைத் துணியும், ஜானுவுக்கு ஒரு சுங்குடியும் எடுத்துடுங்கோ. அவசரமே இல்லை. இறக்கம் ரொம்ப நீளமா இருக்கு."

ஜானு பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு எதற்குச் சுங்குடி என்று கேட்கத் தோன்றவில்லை. நிலையான வேகத்தில் மலை இறங்கும் மனைவியிடம் குறுக்குக் கேள்வி கேட்பது அவருக்கே ஆபத்தாகப் பட்டது. ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாகத் தனியாகப் புடவை எடுத்தார். ஸ்டூலில் உட்காரக்கூட இல்லை.

வீடு திரும்பியபோது மாலை வெயில் ஜன்னலில் சாய்ந்திருந்தது. வீடெல்லாம் வாழைக்காய் பஜ்ஜி வாசனை. ஊஞ்சலில் நீரஜாவும் ஜானுவும் ஆளுக்கொரு தட்டோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டியரிங் முன்னால் யாருமே இல்லை.

பத்ரிநாராயணன் பையைப் போட்டுவிட்டு ஓடினார். பள்ளத்தாக்கில் நொறுங்கிய லாரியையும், அநாதையாகக் கிடக்கும் மாட்டு மணியையும் எதிர்பார்த்தார். லாரி நொறுங்கவில்லை. காலையில் அவர் விட்டுப்போன அதே வளைவில், அதே முப்பத்தெட்டில் இருந்தது. ரோட்டைக் கடக்க வந்த மேகம் பாதி வழியில் அசையாமல் தொங்கியது. ஒரு பறவை இறக்கையை விரித்தது விரித்தபடி வானத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நிறுத்தி வெச்சிருக்கியா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் வாசப்படி தாண்டினதுமேவா?"

"இல்லையே. லிஃப்ட் கதவு சாத்தற வரைக்கும் பிடிச்சிண்டுதான் இருந்தேன்."

நீரஜா புடவையை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். அரக்கு, அவள் நினைத்த அரக்கேதான். "பேஷ்! இனிமே நீங்களே தனியாப் போய் எடுத்துண்டு வந்துடலாம்," என்றாள்.

"அது இருக்கட்டும். அந்தப் பட்டன் உனக்கு எப்படித் தெரியும்?"

நீரஜா கடைசி பஜ்ஜியை அவர் தட்டில் வைத்தாள்.

"வாரா வாரம் க்ரூஸைப் போட்டுட்டு வாயைத் திறந்துண்டு தூங்கிப்போறேளே, லாரி பள்ளத்துல விழாம யார் நிறுத்தி வெக்கறான்னு நினைச்சேள்?"