பங்கா நின்ற நேரம்

நான் ஒரு பொய்யன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கும். ஆனால் பிறவிப் பொய்யன் இல்லை; வெயில் காலத்துப் பொய்யன். மார்கழி, தை மாதங்களில் என்னை நம்பிப் பெண்ணே கொடுக்கலாம். சித்திரை பிறந்து வீட்டுக் கூரையின் ஓடு காய ஆரம்பித்துவிட்டால், என் மூளையும் கூடவே காய்ந்து, வாய் அதன் இஷ்டத்துக்குப் பேசத் தொடங்கிவிடும்.

அந்தக் காலத்துத் தென்காசிக்காரர்களுக்கு ஒரு பெருமை இருந்தது. மதுரையிலும் திருச்சியிலும் வெந்துகொண்டிருக்கும் தெரிந்தவர்களுக்கு, ‘சாரல் விழுந்துவிட்டது, புறப்பட்டு வாருங்கள்’ என்று முதல் கார்டு போடுகிற பெருமை. ஆனி நெருங்க நெருங்க ஊரே மலையைப் பார்த்தபடி இருக்கும். மேகம் இறங்கியதோ இல்லையோ, ஆளாளுக்குத் தபால்பெட்டியைப் பார்த்து ஓடுவார்கள். (குற்றாலத்தை என்னவோ நாங்களே கல் சுமந்து கட்டி வைத்த மாதிரி.)

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. படித்து முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தேன். அப்பாவுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. அதில் போய் உட்கார என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அந்தக் கௌரவத்தை வைத்துக்கொண்டு, எந்தக் கட்டிடத்தில் எந்த மணிக்கு நிழல் இருக்கும், எந்த ஜன்னலில் காற்று வரும் என்று ஊர் முழுக்க ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

அப்பா சங்கரலிங்கம் பரம சாது. அவர் கடையில் துணி கிழிகிற சத்தம்தான் பெரிய சத்தம். அக்காவுக்கு மதுரையில் ஒரு வரன் வந்தபோது, ‘எங்கள் குடும்பத்தில் உரக்கப் பேசுகிற வழக்கம் இல்லை’ என்று அவர் கடிதத்தில் எழுதியதற்கு அம்மாவே சாட்சி சொல்லுவாள். மாப்பிள்ளையின் தகப்பனார் தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் பொருந்தி, தபாலிலேயே எல்லாம் பேசி, நேரில் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. ‘சாரல் ஆரம்பித்ததும் எழுதுங்கள். அருவியில் குளித்த மாதிரியும் இருக்கும், பெண்ணைப் பார்த்த மாதிரியும் இருக்கும்’ என்று எழுதியிருந்தார். அக்காவுக்கு அது நாலாவது வரன். முந்தைய மூன்றும் தட்டிப்போயிருந்தன. இதுவும் தட்டினால் அக்கா இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வைகாசி நடுவில் ஒரு சாயங்காலம். பெரிய கோயிலின் இடிந்த கோபுரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மூக்கின் மேல் ஒரு துளி விழுந்தது. ஒரே துளி. (அது காக்கையாகக்கூட இருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது.) அப்பாவைக்கூடக் கேட்காமல் மதுரைக்குக் கார்டு எழுதிப் போட்டேன். ‘சாரல் அமோகம். ஐந்தருவியில் ஐந்தும் விழுகின்றன. கம்பளி கொண்டு வரவும்.’

கம்பளியை எதற்காகச் சேர்த்தேன் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

நாலாம் நாள் காலை ரயிலில் கணவனும் மனைவியுமாக வந்து இறங்கி, வழி கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கையில் கம்பளி. அந்த அம்மாளின் நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரை வந்திருந்தது. மாமா, அத்தை என்று முறை சொல்லி அழைத்து உள்ளே உட்கார வைத்தேன்.

“குளிருதுன்னு எழுதியிருந்தீங்களே தம்பி” என்றார் அத்தை.

“நேத்து வரைக்கும் நல்லாக் குளுந்துச்சு அத்தை” என்றேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்தான்.

அப்பா வீட்டில் இல்லை. செங்கோட்டையில் ஒரு சோலி என்று விடியற்காலையிலேயே கிளம்பியிருந்தார், அதுவும் குடை இல்லாமல். பத்து நாளாகவே அவர் கையில் குடை இல்லை. கேட்டதற்கு, ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அப்பா சொன்னதால் நம்பினோம்.

அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்தாள்.

“ஏலே, கார்டு போட்டது நீதானா? ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கால? வீட்டுல ஒரு சாமான் இல்ல, ஒங்க அக்காவுக்குக் கட்டிக்க ஒரு நல்ல சீல வெளுத்து வரல. சாயந்தரம் வரைக்கும் இவங்கள எங்கனயாவது குளுச்சியான எடமாப் பாத்துக் கொண்டுபோயி வையி. அதுக்குள்ள அப்பா வந்திருவாவ.”

முதலில் ஜட்காவில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். பாறை மட்டும் இருந்தது. அதன் நடுவில் ஓட்டைப் பானையில் ஒழுகுகிற அளவுக்குத் தண்ணீர். குரங்குகள்கூட அலுத்துப்போய் நிழலில் சாய்ந்திருந்தன.

“அஞ்சும் விழுதுன்னு எழுதியிருந்தியே தம்பி?” என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

“மேல மலையில விழுந்துக்கிட்டு இருக்கும் மாமா. கீழ வந்து சேர நேரமாகும்.”

பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆள் ஒருவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. “சாரலா? ஆனியே இன்னும் பொறக்கலயே அண்ணாச்சி. அஞ்சருவியில அஞ்சு சொட்டு விழுந்தாப் பெருசு” என்றார்.

மாமா என்னைப் பார்த்து, “அப்படியா” என்றார். நாற்பது வருஷம் லீவு விண்ணப்பங்களைப் படித்துப் பழகிய மனிதரின் ‘அப்படியா’ அது.

மேலகரம் வழியாகத் திரும்பி வரும்போது உச்சி வெயில். கோயில் வாசலில் எப்போதும் ஆளைத் தள்ளுகிற காற்று அடிக்கும் என்று பெருமையாகச் சொல்லிக் கூட்டிப்போனேன். நடை சாத்தியிருந்தது, காற்றும் சாத்தியிருந்தது. ஸ்டேஷனில் வெயிட்டிங் ரூமுக்குப் போனோம்; டிக்கெட் கேட்டு வெளியே அனுப்பினார்கள். வாசகசாலையில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தோம். அங்கே அத்தை பத்திரிகையை மடித்து விசிற ஆரம்பித்ததும், “படிக்கிறதுக்குத்தான் பேப்பர் போட்டிருக்கு” என்று ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அப்போதுதான் என் ஆராய்ச்சியின் உச்சகட்டக் கண்டுபிடிப்பு ஞாபகம் வந்தது. மாஜிஸ்திரேட் கச்சேரி. கல் கட்டிடம், உயரமான கூரை, ஒரு முழம் கனத்தில் சுவர், எல்லாவற்றுக்கும் மேலே பங்கா, கூரையிலிருந்து தொங்கும் பெரிய துணி விசிறி. வழக்கு உள்ளவன் இல்லாதவன் எல்லாரும் போய் உட்காரலாம், டிக்கெட் கிடையாது. பங்காக் காற்று மாஜிஸ்திரேட்டுக்குத்தான் என்றாலும், மிச்சக் காற்று பின் பெஞ்சு வரைக்கும் வரும். (அதை இழுக்கிற கிழவர் வெளியே வராந்தாவில், காலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு வெந்துகொண்டிருப்பார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

பின் பெஞ்சில் கம்பளியை விரித்து உட்கார்ந்தோம். பங்கா கிரீச், கிரீச் என்று ஆடியது. அத்தை கண்ணை மூடிக்கொண்டார். மாமா மேல்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து முதன்முறையாகச் சிரித்தார்.

“பரவாயில்லைப்பா. இப்படி இடமெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கியே.”

நான் பூரித்துப்போனேன். கல்யாணமே முடிந்த மாதிரி இருந்தது. சாவகாசமாக முன்னால் பார்த்தேன். குமாஸ்தாவின் மேஜைமேல், அடையாளச் சீட்டுக் கட்டிய ஒரு குடை கிடந்தது. அட, அப்பாவின் குடை மாதிரியே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

“சங்கரலிங்கம்... சங்கரலிங்கம்... சங்கரலிங்கம்...” என்று சேவகன் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டான். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு சங்கரலிங்கம் உண்டு. அதில் ஒருவராக இருக்கும்.

அதில் ஒருவர்தான். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா உள்ளே வந்தார்.

அப்பா எங்களைப் பார்க்காமல் நேரே போய்க் கூண்டில் ஏறினார். குமாஸ்தா பஞ்சாங்கம் வாசிக்கிற குரலில் பிராதை வாசித்தார். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் தன் வாசலில் கீற்றுத் தட்டி கட்டினார். அது தம் கடைக்கு வரும் காற்றை மறிப்பதாக எதிரியானவர், அதாவது அப்பா, சொன்னார். சொன்னதோடு நில்லாமல் தட்டியைப் பிய்த்தெறிந்து, ‘சவத்து மூதி, பேதியில போவான்’ என்று உரத்த குரலில் வைது, மேஜைமேல் இருக்கும் குடையால் பிராதுக்காரரின் முதுகில் இரண்டு அடி அடித்தார். ‘உரத்த குரலில்’ என்பதைக் குமாஸ்தா அழுத்தி வாசித்த மாதிரி எனக்குப் பட்டது.

அத்தை கண் விழித்துவிட்டார். “கர்மம், என்ன வாயி. இப்படி ஒரு மனுஷன் வீட்டுல பொம்பளைங்க எப்படித்தான் காலம் தள்ளுறாங்களோ” என்றார்.

மாமா என் பக்கம் சாய்ந்து, “யாருப்பா அவரு? உனக்குத் தெரிஞ்சவரா?” என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் கிழவர் கண்ணயர்ந்திருக்க வேண்டும். பங்கா நின்றது. கிரீச் சத்தம் நின்றது. கச்சேரியே மூச்சுவிடாமல் இருந்த அந்த இடைவெளியில் என் குரல் மட்டும் கேட்டது.

“தெரியாது மாமா. யாரோ கடைக்காரரு.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் திரும்பினார். என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் வெளியூர்க் களையோடு உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே யாரோ கிழவரை அதட்ட, பங்கா மறுபடி ஆடத் தொடங்கியது. காற்று வந்தது. எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது.

“என்ன சொல்லுகிறீர்?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

அப்பாவின் வக்கீல் கண்ணால் ஜாடை காட்டினார். சண்டை நடந்த அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று சொல்லும்படி பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாராம், அப்புறம் தெரிந்தது. அப்பா அவரைப் பார்க்கவே இல்லை.

“அடிச்சது வாஸ்தவந்தான் எசமான். வைததும் வாஸ்தவந்தான். வெயில்ல புத்தி பெரண்டு போச்சு. தப்புதான்.”

“வெயில் எல்லாருக்கும்தான் அடிக்குது” என்றார் மாஜிஸ்திரேட். ஒப்புக்கொண்டதால் பெரிய தண்டனை இல்லை; கச்சேரி கலையும்வரை காவல். அதாவது, சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு போலீஸ்காரர் அவரைக் கூட்டிவந்து, காலியாக இருந்த ஒரே இடத்தில் உட்கார வைத்தார். அது எங்கள் பெஞ்சின் அடுத்த முனை.

“வீட்டுக்குப் போவோமா மாமா?” என்றேன்.

“இவ்வளவு குளிர்ச்சியான இடத்தை விட்டுட்டு எங்கப்பா போறது? உன் அத்தையைப் பாரு, இப்பத்தான் முகம் தெளிஞ்சிருக்கு.”

இரண்டரை மணி நேரம். ஒரே பெஞ்சில் ஒரு முனையில் அப்பா, மறு முனையில் நான். நடுவில் அக்காவின் வாழ்க்கை கம்பளி விரித்து உட்கார்ந்திருந்தது. ‘இவர் என் அப்பா’ என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். வாய் திறக்கவில்லை. காலையிலிருந்து அத்தனை பொய்யைச் சரளமாகச் சொன்ன வாய்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா தம் கூஜாவை என்னிடம் நீட்டினார். “அவரு ரொம்பக் களைச்சுத் தெரியிறாரு. கொஞ்சம் தண்ணி கொடுத்துட்டு வா தம்பி.”

எழுந்து போனேன். அப்பா வாங்கி அண்ணாந்து குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, கூஜாவைத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லா இருங்க தம்பி” என்றார்.

பிறந்ததிலிருந்து என்னை ‘ஏலே’ என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர். காது பிடித்துத் திருகியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த ‘இருங்க’ என்னைக் கொன்றுவிட்டது. என் பொய் அவையில் உடைந்துவிடக் கூடாதே என்று அவரும் எனக்காக ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் சற்று முன்னால்தான் பொய் வேண்டாம் என்று தண்டனை வாங்கியவர்.

கச்சேரி கலைந்தது. அப்பா யாரையும் பார்க்காமல் வராந்தாவில் இறங்கினார். மாமா விறுவிறுவென்று அவர் முன்னால் போய்க் கை கூப்பினார்.

“சம்பந்தி, ஜட்கா நிக்குது. சேர்ந்தே போயிருவோம்.”

அப்பா அப்படியே நின்றார். அத்தை, “என்னது? யாரு சம்பந்தி?” என்றார்.

“பேரைக் கூப்பிடும்போதே தெரியும். ஆறு மாசமா இந்தப் பேருக்குத்தானே கடுதாசி போட்டுக்கிட்டிருக்கேன்” என்றார் மாமா.

அப்பா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “மொதமொதல்ல இந்தக் கோலத்துல பாக்கும்படி ஆயிட்டே” என்றார்.

“அதனால என்ன. நாப்பது வருஷம் கவர்மெண்டு ஆபீஸ்ல இருந்தவன் நான். கேட்ட உடனே ‘ஆமா, நான்தான் செஞ்சேன்’னு சொன்ன ஒரு ஆளைப் பார்த்ததில்லை. இன்னைக்குத்தான் பார்த்தேன். உங்க வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரணும்.”

அத்தை கச்சேரி வாசலைத் திரும்பிப் பார்த்தார். “அந்தக் குடை மட்டும் கச்சேரியிலயே இருக்கட்டும்” என்றார்.

அன்று சாயங்காலமே பூ வைத்து நிச்சயம் செய்தார்கள். மாமா என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. ஊருக்குப் போகும்போது மாமா கம்பளியை என் கையில் கொடுத்து, “வச்சுக்கோ தம்பி, அஞ்சும் விழும்போது தேவைப்படும்” என்றார். மறுநாள் காலை யாரும் சொல்லாமலே கடையில் போய் உட்கார்ந்தேன். உட்காரச் சொல்லாவிட்டாலும் எழுந்திரு என்றும் அப்பா சொல்லவில்லை. வைகாசி வந்தால் நாற்பத்தோரு வருஷம். இன்னும் அதே கடையில்தான் இருக்கிறேன்.

ஆவணியில் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கிறது. வியர்க்க விறுவிறுக்கத் தண்ணீர் பரிமாறிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, மதுரையிலிருந்து வந்த ஒரு பெரியவர் அப்பாவிடம், “இந்தப் பையன் யாரு?” என்று கேட்டார். அப்பா இலையிலிருந்து தலை நிமிர்ந்து, என்னை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தார்.

“தெரியலையே” என்றார். “ஆனா ஒரு நா கச்சேரியில எனக்குத் தண்ணி குடுத்தாரு. நல்ல பிள்ளை.”

மாமாவுக்குப் புரையேறியது. விஷயம் தெரிந்ததும் பந்தியே சிரித்தது. நானும் கூடச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அப்பாவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றப்போய், இலையில் ஊற்றினேன். இன்றும் எங்கள் குடும்பத்தில் நான் யாருக்குத் தண்ணீர் கொடுத்தாலும், அக்காவின் பேரக்குழந்தைகள் உட்பட, வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, “நல்லா இருங்க தம்பி” என்கிறார்கள். ஒருவராவது மரியாதை குறைத்துச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.