எட்டரையிலிருந்து எட்டே முக்கால் வரை

"பீம்ராவ், ஒரே ஒரு சந்தேகம்" என்று எபினேசர் சார் போனில் ஆரம்பித்தபோதே பீம்ராவ் கணக்குத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டான். மேலதிகாரிகளின் ஒரே ஒரு சந்தேகம் என்றைக்கும் ஒன்றோடு நின்றதில்லை.

"சொல்லு சார்."

"காலைல எட்டுலேர்ந்து எட்டேகால் வரைக்கும் டிரெய்லர் எழுபத்திரண்டு. எட்டேகால்லேர்ந்து எட்டரை வரைக்கும் அறுபத்தொம்போது. சரியா?"

"சரி சார்."

"எட்டரைலேர்ந்து எட்டே முக்கால் வரைக்கும் நாலு. நேத்து மூணு. திங்கக்கெழம மட்டும் ஒழுங்கா எழுபது கீது, செவ்வாய்க்கெழமலேர்ந்து இப்புடி. டிரைவருங்க எல்லாரும் அந்த நேரத்துக்கு ஒண்ணா நாஷ்டா துன்னப் போயிடறாங்களா?"

பீம்ராவ் தாளில் எட்டரை மணி வரியைக் கட்டைவிரலால் மறைத்தான்.

அவன் வேலை கேட்பதற்குச் சுலபம். ரோட்டோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை எண்ண வேண்டும். டிரெய்லருக்கு ஒரு கட்டம், லாரிக்கு ஒரு கட்டம், ஷேர் ஆட்டோவுக்கு ஒரு கட்டம். நான்கு கோடுகளை நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். கால் மணிக்கு ஒரு வரி. எங்கே சிக்னல் வைப்பது, எங்கே தடுப்பு போடுவது, எந்த வளைவில் உயிர் போகும் என்பதையெல்லாம் இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் நெடுஞ்சாலைக்காரர்கள் முடிவு செய்வார்கள். அதற்காக ஒரு தனியார் கம்பெனி பீம்ராவைப் போல நாற்பது பேரை வடசென்னை முழுக்க உட்கார வைத்திருந்தது.

பதினோரு வருடமாக எண்ணுகிறான். எண்ணூரிலிருந்து மாதவரம் வரை அவன் எண்ணாத வண்டி இல்லை. அவனுக்காக நின்ற வண்டிதான் ஒன்றும் இல்லை. வயது முப்பத்தாறு. வியாசர்பாடியில் அவன் அம்மா ஆறு வருடம் பெண் பார்த்து அலுத்துப்போய், இப்போது டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் அவனைச் சடையங்குப்பம் பிரிவில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இரண்டாம் நாள் காலை எட்டரைக்கு, எதிர்ப்பக்கத் தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். நீல நிறக் கம்பெனி கோட்டு, கையில் சாப்பாட்டுப் பை. நடுத்தடுப்பில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இருந்த சந்து வழியாக, இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவே புகுந்து இந்தப் பக்கம் வந்து, அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த ஜெரினா அக்காவின் டீக்கடை ஓரமாக நின்றாள். எட்டே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். அவ்வளவுதான். அந்தக் கால் மணி நேரத்தில் கப்பலே ரோட்டில் போயிருந்தாலும் பீம்ராவ் கணக்கில் வந்திருக்காது.

அன்று முதல் அவனுக்கு நாள் என்றால் பதினைந்து நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் அதற்காகக் காத்திருக்கிற நேரம். எபினேசர் சாரிடம் இதைச் சொல்ல முடியுமா?

"ஆளுங்க ரோடு தாண்டுறாங்க சார். அந்த நேரத்துல வண்டியெல்லாம் நின்னுடுது."

"அங்க ஏதுய்யா ஆளு? எத்தினி பேரு?"

ஒன்று என்பதுதான் உண்மை. "எரநூறு" என்றது வாய்.



"எரநூறா! சிக்னல் இல்லாத எடத்துலயா? யோவ், இது பெரிய சமாசாரம்யா! ஞாயித்துக்கெழமயோட உன்ன மாதவரத்துக்கு மாத்தலாம்னு இருந்தேன். வேணாம். இன்னும் ரெண்டு வாரம் அங்கயே குந்து. தாண்டுறவங்கள தனியா எண்ணிக் குடு."

போனை வைத்த பீம்ராவ், கடையில் நின்ற மூன்று பேருக்கும் தன் செலவில் டீ சொன்னான்.

"இன்னாபா, பல்லெல்லாம் தெரியிது?" என்றாள் ஜெரினா அக்கா.

"இன்னும் ரெண்டு வாரம் இங்கதான்க்கா."

"ரெண்டு வாரம் குந்திகினு இன்னா பண்ணப் போற? அது நிக்கிற எடத்துக்கும் உன் நாற்காலிக்கும் ஆறு அடி. ஒரு வார்த்தை பேச மாட்டேன்ற."

"வேலை நேரத்துல எப்புடிக்கா பேசறது? வண்டி வுட்டுப்பூடும்."

"ஆமா, அப்புடியே ஒண்ணுவுடாம எண்ணிட்ட!"

அந்த இரண்டு வாரமும் பீம்ராவ் இல்லாத மனிதர்களை மிகுந்த பொறுப்போடு எண்ணினான். இருநூற்று நான்கு, நூற்றுத் தொண்ணூற்றேழு, இருநூற்றுப் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை நாற்பதுதான் போட்டான். லீவு நாளில் யார் வரப்போகிறார்கள்? வயதானவர்கள் பதினைந்து பேரைச் சேர்த்தான். ஒரு நாள் மழை பெய்தபோது, பாவம் நனைவார்களே என்று ஐம்பது பேரைக் குறைத்துக்கொண்டான்.

நடுவில் ஒரு நாள் காற்றடித்து அவன் தாள் பறந்து அவள் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, ஒரு பார்வை பார்த்தாள்.

"எரநூறு பேரா தாண்டுறாங்க? நான் யாரையும் பாத்ததே இல்லியே."

பீம்ராவ் வாயைத் திறந்தான். பஸ் வந்துவிட்டது. அதற்கு ஒரு நல்ல பதில் அவனுக்கு மத்தியானம் ஒரு மணிக்குத் தோன்றியது. சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று தோன்றின. அவளுடைய குரலை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனான். மாநகரத்தில் இத்தனை இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ள முடிகிறதே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் வாரம் புதன்கிழமை எபினேசர் சார் போன் செய்தார். குரலில் கல்யாணக் களை.

"பீம்ராவ், சாதிச்சிட்டய்யா! உன் கணக்கு மேல வரைக்கும் போயிடிச்சி. ரொம்ப ஆபத்தான எடம்னு முடிவு பண்ணிட்டாங்க."

"சிக்னல் வெக்கிறாங்களா சார்?"

"அதெல்லாம் பொறவு. மொதல்ல அந்த நடுத்தடுப்புச் சந்த அடைக்கிறாங்க. திங்கக்கெழம இரும்பு வேலி. ஒரு பூனை தாண்ட முடியாது. உன்னால எரநூறு உசுரு பொழச்சிது. நீ மாதவரம் கெளம்பு."

பீம்ராவ் நடுத்தடுப்பைப் பார்த்தான். அவன் போட்ட கோடுகளெல்லாம் எழுந்து கம்பி கம்பியாக அங்கே நின்றுவிட்டதாகத் தோன்றியது. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் காலி நாற்காலி. அதுகூட இருக்காது, நாற்காலி கம்பெனியுடையது.

அவசரத்தில் ஒரே வழிதான் தெரிந்தது. மறுநாள் நாற்பது பேர் என்று எழுதினான். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு. கூட்டம் குறைந்தால் வேலி எதற்கு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எபினேசர் சார் அலறினார்.

"புதன்கெழம எரநூறு, இன்னிக்குப் பன்னண்டு! மீதி நூத்தி எம்பத்தெட்டு பேரு எங்கய்யா? எதுனா ஆக்சிடென்ட்டா? மேல இருக்கறவங்க ஆஸ்பத்திரிக்கெல்லாம் போன் போட்டுகினு கீறாங்க!"

"அவங்கள்லாம் ஊருக்குப் போயிட்டாங்க சார்."

"எல்லாரும் ஒரே ஊருக்கா?"

இதற்குமேல் ஒரு ஊரைக் கண்டுபிடிக்க பீம்ராவுக்குத் தெம்பு இல்லை.

"சார், எரநூறு பேரு இல்ல."

"பின்ன?"

"ஒருத்தங்க."

"ஒருத்தங்களா? ஒருத்தங்க தாண்டறதுக்கா கால் மணி நேரம் வண்டியெல்லாம் நின்னுது?"

"வண்டி நிக்கல சார். நான்தான் எண்ணல."

எபினேசர் சார் முட்டாள் இல்லை. அவருக்கும் ஒரு காலத்தில் முப்பத்தாறு வயது இருந்தது. ஆனால் கோபம் அடங்கவில்லை.

"மாத்தூர்ல பள்ளிக்கூடம் பக்கத்துல நெஜமாவே முந்நூறு புள்ளைங்க ரோட்டத் தாண்டுது. அங்க போவ வேண்டிய ஆளுங்களும் சாமானும், உன் பொய்க்கணக்க நம்பி இங்க வருது. தெரியுமா உனக்கு?"

பீம்ராவுக்கு அதுவரை தெரியாது. தெரிந்ததும் சுருக்கென்று குத்தியது. பதினோரு வருடத்தில் தன் கோடுகளுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை அன்றுதான் யோசித்தான். "வேலைய வுட்டுத் தூக்கிடு சார், ஆனா மாத்தூர் கணக்க மொதல்ல மேல அனுப்பு" என்றான்.

"அனுப்பறேன். நாளைக்குக் காலைல நானே அங்க வர்றேன். அந்த ஒருத்தங்க எங்கேர்ந்து வர்றாங்க, எங்க போறாங்க, எதுக்குத் தாண்டுறாங்கன்னு சர்வே பாரத்துல எழுதி வாங்கணும். வேற வழியில்லாம தாண்டுறாங்கன்னா, வேலி வேணாம், வெள்ளைக்கோடு போட்டு பாதுகாப்பா வழி வுடுங்கன்னு எழுதறேன். இல்லியா, திங்கக்கெழம அடைச்சாவணும்."

சனிக்கிழமை எட்டரை மணி. எபினேசர் சார் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். சந்து வழியாக அவள் வந்தாள். ஒரு டிரெய்லர் ஆரன் அடித்துக்கொண்டு அவள் பையை உரசினாற்போல் போனது. பீம்ராவ் கண்ணை மூடித் திறந்தான்.

"அம்மா, ஒரு நிமிசம். ரோடு பாதுகாப்பு சர்வே" என்று எபினேசர் சார் அவளை நிறுத்தி, பாரத்தை பீம்ராவிடம் நீட்டினார். "நீயே எழுது. எரநூறு பேரப் பெத்த கையாச்சே."

பீம்ராவ் பாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "பேரு?"

"ரமாபாய்."

பேனா கீழே விழுந்தது. பீம்ராவ் என்று பெயர் வைத்த வீட்டில் ரமாபாய் யாரென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவன் வீட்டுக் கூடத்தில் அந்த இரண்டு பேரும் கணவனும் மனைவியுமாக ஒரே சட்டத்துக்குள் படமாக இருந்தார்கள். எபினேசர் சார் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேனாவைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"எதிர்லதான். சடையங்குப்பம்."

"எங்க போறீங்க?"

"திருவொத்தியூரு. கம்பெனி பஸ்ஸு இங்க வரும்."

அடுத்த கேள்வியை பீம்ராவால் கேட்க முடியவில்லை. அவள் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் திங்கட்கிழமை இருந்தது. எபினேசர் சாரே கேட்டார்.

"ரோடு தாண்டறதுக்குக் காரணம் இன்னாம்மா? வேலையா, படிப்பா, ஆஸ்பத்திரியா?"

ரமாபாய் சாப்பாட்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "வேலைன்னு போட்டுக்குங்க சார்."

"தாண்டாம பஸ்ஸப் புடிக்க வேற வழியில்ல. அப்புடித்தானே?"

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். பீம்ராவ் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, 'வேறு வழியில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினான். வாழ்க்கையில் இத்தனை ஆசையாக அவன் எதையும் எழுதியதில்லை.

அதற்குள் கம்பெனி பஸ் வந்து நின்றது. உள்ளே நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். டிரைவர் ஜார்ஜ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்னா சார், கேசா? எங்க பொண்ணு எதுனா பண்ணிச்சா?"

"கேசு இல்லப்பா, சர்வே" என்றார் எபினேசர் சார். "எதுக்கு ரோட்டத் தாண்டுறாங்கன்னு கேட்டுகினு கீறோம்."

"நல்லாக் கேளு சார்! நாலு வருசமா அந்தப் பக்கம் அது தெரு முனையிலயே ஏறி, ஜன்னல் சீட்டுல குந்திகினு வந்த பொண்ணு. இந்த ஆளு இங்க வந்து குந்துன மறுநாள்லேர்ந்து, காலி பஸ்ஸ வுட்டுட்டு, உசுரக் கையில புடிச்சிகினு ரோட்டத் தாண்டி, நான் மாத்தூர் போயி கூட்டத்த ஏத்திகினு திரும்பி வர்ற வரைக்கும் இங்கயே நிக்கிது. எதுக்குன்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடு!"