ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு காமிரா

கல்யாணமாகி இருபத்தாறாவது வருஷம், ஒரு ஞாயிறு மாலை, கேபிள் காரில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். இனிமேல் என் ஞாயிற்றுக்கிழமை எனக்கே சொந்தம்; மாமியார் வீட்டு விருந்து எதிலும் நான் இருக்கப்போவதில்லை.

காலடியில் பக்கத்து ஊரான வில்லாமரியா சின்னதாகிக்கொண்டே போனது. அங்கேதான் என் மாமியார் எதில்மாவின் வீடு. ஞாயிறு பதினோரு மணிக்கு உள்ளே போனால் ஆறு மணிக்குத்தான் வெளியே விடுவார்கள். சிவப்பு பீன்ஸ், பன்றித்தோல் வறுவல், அரேப்பா என்கிற சோள அடை. பிறகு தாயம். தாயத்தில் மைத்துனன் வில்மர் எனக்கு ஜோடி. அவன் ஒரு காயை நகர்த்த யோசிக்கும் நேரத்தில் பக்கத்து எரிமலை இரண்டு முறை புகைந்து அடங்கிவிடும். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதற்கு மூன்றரைக் கால். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் ஞாயிறுகளை அந்த அரைக்கால் பக்கம் சாய்ந்தபடியே கழித்திருக்கிறேன்.

வயிற்றுவலி சொல்லிப் பார்த்தேன். மாமியார் சூப்போடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அலுவலக வேலை என்றேன். நான் வேலை பார்க்கும் நோட்டரி அலுவலகம் ஞாயிறு திறப்பதில்லை என்பது எங்கள் ஊர் மனிசாலெஸ் முழுக்கத் தெரிந்த ரகசியம்.

வழி காட்டியவர் எதிர்வீட்டு ஒக்தாவியோ. மருந்துக்கடைக்காரர். ஞாயிறு விடிந்தால் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு மலைக்காட்டுக்குப் போய்விடுவார்.

"எப்படிங்க உங்களை மட்டும் விடறாங்க?"

"பறவைங்க. பறவை பார்க்கப் போறவனை யாரும் தடுக்க மாட்டாங்க. கோயிலுக்குப் போறவன் மாதிரி."

"அப்ப நானும் சும்மா உங்ககூட வந்துடறேன்."

"சும்மா வந்தா உங்க வீட்டம்மாவும் கூடவே வருவாங்க. கையில ஒரு கருவி வேணும். கருவி இருந்தா தவம். இல்லேன்னா ஊர்சுத்தல்."

"என்ன கருவி?"

"நல்ல காமிரா ஒண்ணு வாங்குங்களேன்."

காமிரா என்று முடிவானது. எந்தக் காமிரா என்பதில்தான் என் மூளை வேலை செய்தது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று ஒன்று இருந்தது. இலேசாக, பொம்மை போல. அதைக் கொண்டுபோனால் என் மனைவி நூபியா, "இதை வச்சு பால்கனியிலேயே குருவி எடுக்கலாமே" என்பாள். கல்யாணக் காமிராக்காரர்கள் தோளில் சுமக்கும் பெரியது ஒன்று இருந்தது. அதை வாங்கினால் அவள் என்னை மருத்துவரிடம் அழைத்துப் போவாள். எனக்கு வேண்டியது நடுத்தரம். பார்த்தவுடன் 'இவர் விளையாட்டுக்கு வாங்கவில்லை' என்று தோன்ற வேண்டும். விலையைக் கேட்டால் உட்கார இடம் தேடக் கூடாது.

ஆறு சனிக்கிழமை கடைக்குப் போனேன். ஒவ்வொரு காமிராவையும் கையில் எடுத்து, எடை பார்த்து, கண்ணில் வைத்து, கீழே வைத்தேன். ஏழாவது வாரம் என்னைப் பார்த்ததும் கடைக்காரர் உள்ளே போய்விட்டார். அதற்குள் எனக்கு எல்லாம் மனப்பாடம். மூடுபனிக்கும் தூறலுக்கும் அஞ்சாத உடம்பு. விநாடிக்கு ஏழு படம். வ்யூ ஃபைண்டரில் கண் வைத்தால் உலகம் கண்ணாடி போல.

மனைவியிடம் விஷயத்தை எடுத்துச் சொல்ல ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். எங்கள் ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் 'நீங்கள்' என்றுதான் பேசுவோம். சண்டையிலும் அப்படித்தான். என் முழுப் பெயர் அவள் வாயில் வந்தால்தான் ஆபத்து.

"நூபியா, காட்டுக்குள்ள வெளிச்சம் கம்மி. அதனால பாருங்க..."

"ஃப்ளாஷ் போடாம எடுக்குமா?"

"எடுக்கும். ஐஎஸ்ஓன்னு ஒண்ணு இருக்கு. அதை ஏத்திட்டா மெழுகுவத்தி வெளிச்சமே போதும்."

"மெழுகுவத்தி வெளிச்சம்" என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "சத்தம் வருமே, கடக் கடக்னு?"

"சத்தமில்லாத ஷட்டர்னு தனியா வச்சிருக்கான். பறவை திரும்பிக்கூடப் பார்க்காது."

"படம் பதியற கார்டு நடுவுல கெட்டுப்போச்சுன்னா?"

"ரெண்டு கார்டு போடலாம். ஒரே படம் ரெண்டுலயும் பதியும்."

"அப்ப அதையே வாங்குங்க. சின்னது வேண்டாம். சின்னதுல ஒரு கார்டுதான் போடலாமாம்."

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். ஜெயித்துக்கொண்டிருக்கிறவன் கேள்வி கேட்பதில்லை.

அந்த மாதம் என் பிறந்தநாள் வந்தது. நூபியா ஒரு சின்னப் பெட்டியை நீட்டினாள். ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். மனித முகத்துக்கு மிகவும் நல்லது.

"பறவைக்கு இது ஆகாதுங்க. அதுக்கு நீளமா எழுபது-முந்நூறுன்னு வேற வாங்கியிருக்கேன். இதுல எடுத்தா பறவை எறும்பு மாதிரி இருக்கும்."

"இருக்கட்டுமே. ஏதாவது பக்கத்துல வந்தா?"

அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். லென்ஸை அலமாரியில் வைத்து மறந்தேன்.

பிறகு வந்தது என் பொற்காலம். ஞாயிறு ஐந்து மணிக்கு நூபியாவே எழுந்து அரேப்பா சுட்டு, காபியை ஃபிளாஸ்கில் ஊற்றி, மழைக்கோட்டு எடுத்துக் கொடுப்பாள். மாமியாரும் வருத்தப்படவில்லை. 'மாப்பிள்ளை நல்லாப் பழகட்டும்' என்று சொல்லியனுப்பினார். என் ராஜதந்திரத்தை எண்ணி நானே மூன்று நாள் வியந்தேன்.

முதல் ஞாயிறு நானூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன். நானூற்றேழில் கிளை மட்டும். நான்கில் வால். ஒன்றில் ஒக்தாவியோவின் காது, மிகத் துல்லியமாக. இரண்டாவது ஞாயிறு காட்டு இருட்டில் ஐஎஸ்ஓவை நூறிலேயே விட்டுவிட்டேன். காமிரா முழுக்க நள்ளிரவு. ஆனால் பழகினேன். முழங்கையை மரத்தில் ஊன்றவும், மூச்சைப் பாதியில் நிறுத்தவும், மூன்று மணி நேரம் உட்காராமல் உண்ணாமல் நிற்கவும் பழகினேன்.

ஒன்பதாவது ஞாயிறு அது வந்தது. தொரொரோய். கொழுத்த முட்டைக்கு இரண்டு குச்சிக்கால் வைத்தது போல ஒரு பறவை. வெட்கக்காரப் பிறவி. பலர் வருஷக்கணக்கில் குரலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். காட்டுக் காவலர் மரக்கட்டைமேல் மண்புழுவை வைத்து, பெயர் சொல்லி அழைத்தார். புதர் அசைந்தது. தத்தித் தத்தி வந்து புழுவைக் கவ்வி, அலகு நுனியில் ஒரு பனித்துளியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. ஐஎஸ்ஓ மூவாயிரத்து இருநூறு. விநாடியில் நூறில் ஒரு பங்கு. சத்தமில்லாத ஷட்டர். ஒரே படம்.

ஏப்ரலில் பறவைக் கழகத்தின் கண்காட்சி. முதல் பரிசு அந்தப் படத்துக்கு. வாசலுக்கு நேரே, நீல நாடா கட்டி மாட்டியிருந்தார்கள். சனிக்கிழமை பிற்பகல், வில்லாமரியாவே கேபிள் காரில் ஏறி வந்தது. மாமியார், வில்மர், நான்கு மைத்துனிகள், அவர்களோடு பங்குத் தந்தை கில்தார்தோ. தோற்றவர்கள் வாழ்த்த வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். படத்துக்குப் பக்கத்தில், நாடாவை மறைக்காமல் நின்றேன்.

"அங்கே வெளிச்சம் எப்படி, மாப்ளே?" என்றார் மாமியார்.

"வெளிச்சமா? குகை மாதிரி இருட்டு, அத்தை."

"ஃப்ளாஷ் போட்டீங்களா?" என்றார் ஃபாதர்.

"ஃப்ளாஷ் போடறவன் கலைஞனே இல்ல, ஃபாதர்."

ஃபாதர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் நூபியாவைப் பார்த்தார்.

"சத்தம்?" என்றார் ஃபாதர்.

"என் காமிரா சத்தம் எனக்கே கேட்காது."

"ரொம்ப நேரம் நிக்கணுமோ?"

"மூணு மணி நேரம் நிப்பேன், ஃபாதர். தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

ஃபாதர் பெருமூச்சு விட்டார். பாரம் இறங்கிய பெருமூச்சு. "போன வருஷம் ஒரு காமிராக்காரர் வந்தார். பிள்ளைங்க முதல் தடவையா அப்பம் வாங்கற புதுநன்மை நேரத்துல ஃப்ளாஷை அடிச்சு, பாதிப் பிள்ளைங்க கண்ணை மூடிக்கிட்டாங்க. ஒருத்தன் அப்பத்தை வாங்காமலே போயிட்டான். இனிமே கோயிலுக்குள்ள காமிராக்காரரே வேண்டாம்னு சொல்லிட்டேன். உங்க மாமியார்தான், ஒரு வருஷம் பொறுங்க, ஆள் தயாராகிட்டு இருக்குன்னாங்க."

ஆள் என்று அவர் சொன்னது யாரை என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது.

"நம்ம குடும்பத்துல மட்டும் இந்த வருஷம் புதுநன்மை ஏழு" என்றார் மாமியார். "ஞானஸ்நானம் நாலு. பெண் பிள்ளைங்களுக்குப் பதினஞ்சு வயசு விழா மூணு. எல்லாம் ஞாயிறுதான். பூசை முடிஞ்சதும் நம்ம வீட்டுல சாப்பாடு. அங்கேயும் எடுக்கணும்."

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "அத்தை, என்கிட்ட இருக்கறது பறவை லென்ஸ். கோயிலுக்குள்ள அதுல எடுத்தா ஆளுக்கு மூக்கு மட்டும்தான் விழும்."

நூபியா கைப்பையைத் திறந்து அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஏதாவது பக்கத்துல வந்தான்னு அன்னிக்கே சொன்னேனே." பிறகு ஃபாதரிடம் திரும்பினாள். "ரெண்டு கார்டு போடற காமிரா, ஃபாதர். ஒண்ணு கெட்டுப்போனாலும் பயமில்ல. பிள்ளைங்களை மறுபடி புதுநன்மை வாங்கச் சொல்ல முடியாதே."

"நூபியா, எனக்குப் பறவை..."

"பறவை வாரம் முழுக்க இருக்கும், அபெலார்தோ ஹெசூஸ்."

முழுப் பெயர் வந்துவிட்டது. மாமியார் நீட்டிய விழாப் பட்டியலைக் கையில் வாங்கினேன். பதினேழு ஞாயிறு, மே முதல் வாரத்தில் ஆரம்பம். குடும்பத்துக்குப் பதினான்கு, அக்கம்பக்கத்துக்கு மூன்று. மூன்றாவது வரியில் ஒக்தாவியோவின் பேத்தி பெயர் இருந்தது. நிமிர்ந்து அவரைத் தேடினேன். அவர் ஹாலின் மறுகோடியில், பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நான் எடுத்த படங்களைப் பற்றித்தான் இப்போது வில்லாமரியாவில் பேச்சு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கண்ணும் திறந்திருக்கிறது. பீடத்தில் ஃபாதர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த மூன்றரைக் கால் நாற்காலியில் இப்போது வில்மர் சாய்ந்து உட்காருகிறான். எனக்கு நாற்காலியே கிடையாது. குழுப்படம் எடுத்து முடிப்பதற்குள் பீன்ஸ் ஆறிவிடுகிறது.

போன வாரம் மாமியார் வீட்டில் அந்தப் பெரிய ஆல்பத்தை நின்றபடியே முழுக்கப் புரட்டினேன். கேபிள் காரில் எடுத்த தீர்மானம் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியிருக்கிறது: பதினேழு ஞாயிறு, அறுநூறு படம், மாமியார் வீட்டு விருந்து எதிலும் நான் இல்லை.